பாகத்துக்குப் பாகம் பொருத்தம் பார்த்து ஒரு கேமிங் கம்ப்யூட்டர்

2560×1440 அளவுள்ள திரையில் பெரிய விளையாட்டுகளை உயர்ந்த தரத்தில் ஓட்டுவதற்காகப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்து இணைத்த டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், ரேம் சோதனையையும் வெப்பச் சோதனையையும் பிழையின்றி முடித்து இப்போது நிலையாக ஓடுகிறது. இணைக்கும் வேலை எளிதாகவே முடிந்தது. உழைப்பு முழுவதும் அதற்கு முன்னால் காகிதத்தில் நடந்த பொருத்தம் பார்த்தலில்தான் இருந்தது. சாக்கெட் (பிராசஸர் அமரும் இடம்), மின்சாரம், மில்லிமீட்டர், செருகி ஆகிய நான்கிலும் பாகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். முதல் இரண்டையும் சரிபார்த்துச் சொல்லும் இணையக் கருவிகள் நன்றாகவே வேலை செய்கின்றன. மற்ற இரண்டையும் தயாரிப்பாளரின் விவரத்தாளை வைத்துக்கொண்டு நாமே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால், இந்தப் பதிவில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

தேர்வைத் திரையிலிருந்து தொடங்கினேன். 1920×1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 2560×1440 திரையில் 36.9 லட்சம், 3840×2160 திரையில் 82.9 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இத்தனை புள்ளிகளை வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டு என்பதால், திரை முடிவான பிறகே கார்டைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது. என்னிடம் இருந்தது 27 அங்குல, 165 ஹெர்ட்ஸ் திரை. அதற்கு ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர், ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி ஆகிய இரண்டு கார்டுகளை ஒப்பிட்டேன். முன்னதற்கு 12 ஜிபி நினைவகம், 220 வாட். பின்னதற்கு 16 ஜிபி நினைவகம், 263 வாட். ஒளிக்கதிர்த் தடமிடலில் (ஒளி செல்லும் பாதையைக் கணக்கிட்டு நிழலையும் பிரதிபலிப்பையும் வரையும் முறை, ரே டிரேசிங்) முன்னதே வலிமையானது; மின்சாரமும் குறைவாகவே கேட்கிறது. ஆனால் கார்டைப் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருக்க எண்ணியதால், நினைவகம் கூடுதலாக உள்ள 7800 எக்ஸ்டியை எடுத்தேன். அதன் மின்செருகிகள் பழகிய 8-பின் வகையில் இரண்டு என்பதும் எனக்குச் சாதகமாகத் தோன்றியது.

கார்டின் மாதிரிப் பெயரை மட்டும் குறித்துக்கொண்டால் போதாது. ஒரே சிப்பை வைத்து வெவ்வேறு தயாரிப்பாளர்கள் செய்யும் கார்டுகள், கூலரின் அளவைப் பொறுத்து நீளத்திலும் பருமனிலும் பெரிதும் வேறுபடுகின்றன. ஏஎம்டியின் சொந்த வடிவமைப்பில் 7800 எக்ஸ்டியின் நீளம் 267 மி.மீ.; நான் எடுத்த கார்டின் நீளம் 320 மி.மீ., அகலம் 129 மி.மீ., பருமன் 52 மி.மீ. இந்த மூன்று எண்களும்தான் பின்னால் கேபினெட்டையும் கூலரையும் தீர்மானித்தன.

பிராசஸருக்கு ஏஎம்டியின் ரைசன் 5 7600. 6 கோர், 12 த்ரெட், 65 வாட் என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஆனால் சாக்கெட் வழியாக அது எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு 88 வாட். மின்சாரக் கணக்குக்கு இரண்டாவது எண்ணையே பயன்படுத்த வேண்டும். இதே வரிசையில், உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லாத 7500எஃப் விலை குறைவாகக் கிடைக்கும். ஆயினும் கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தாமலேயே மதர்போர்டு, ரேம், பிராசஸர் மூன்றும் உயிரோடு இருக்கின்றனவா என்று பார்த்துவிடும் வசதியை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. முதல்முறையாக இணைப்பவர்களுக்கு அந்தச் சிறிய விலை வித்தியாசம் தாராளமாகத் தகும்.

சாக்கெட் ஒத்துப்போனால் வேலை முடிந்தது என்று எண்ணுவது ஆபத்தானது. இன்டெலின் எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் 2017இல் வந்தபோது, முந்தைய 100, 200 வரிசை மதர்போர்டுப் பலகைகளில் இருந்த அதே எல்ஜிஏ1151 சாக்கெட் வடிவத்திலேயே வந்தன. ஆனால் அந்தப் பலகைகளில் அவை இயங்கவில்லை, 300 வரிசை சிப்செட் (பலகையின் கட்டுப்பாட்டுச் சிப்) தேவைப்பட்டது. எல்ஜிஏ1700 சாக்கெட்டில் 12, 13, 14 ஆகிய மூன்று தலைமுறைகளும் அமர்கின்றன. ஆனால் பலகையைப் பொறுத்து ரேம் டிடிஆர்4 ஆகவோ டிடிஆர்5 ஆகவோ இருக்கும். ஒன்றின் ரேமை மற்றொன்றில் செருக முடியாது. இரண்டுக்கும் 288 பின்கள்தாம் என்றாலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டுமே உண்டு என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது பயாஸ் பதிப்பை, அதாவது கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், பலகையிலேயே பதிந்த மென்பொருளின் பதிப்பை. ஏஎம்5 சாக்கெட் உள்ள பி650 பலகையில் ரைசன் 7000 வரிசையும் 2024இல் வந்த 9000 வரிசையும் பொருந்தும். ஆனால் கிடங்கில் நெடுநாள் கிடந்த பலகையில் இருக்கும் பழைய பயாஸுக்குப் புதிய பிராசஸரை அடையாளம் தெரியாது.

ஆகவே, பிராசஸரே இல்லாமல் பயாஸைப் புதுப்பிக்க உதவும் ஃபிளாஷ்பேக் பொத்தான் உள்ள பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் (சிறிய அளவு) பலகையைத் தேர்ந்தெடுத்தேன். ஏ620 பலகை இன்னும் மலிவு. ஆனால் அதில் பிராசஸரின் வேகத்தை உயர்த்த இயலாது, மின்சாரம் வழங்கும் சுற்றும் பல மாதிரிகளில் எளியதாக இருக்கிறது. பி650ஈ பலகையில் கிராபிக்ஸ் ஸ்லாட்டுக்கு பிசிஐஇ (பலகையும் கார்டும் தரவு பரிமாறும் இணைப்பு) 5.0 கிடைக்கும், 7800 எக்ஸ்டி பிசிஐஇ 4.0 கார்டு என்பதால் அதற்குச் செலவிடக் காரணம் இருக்கவில்லை.

ரேமுக்கு 16 ஜிபி குச்சிகள் இரண்டு கொண்ட டிடிஆர்5-6000, சிஎல்30 தொகுப்பு (6000 என்பது வேகம், சிஎல்30 என்பது தாமத அளவு). முதலில் போட்ட பட்டியலில் 8 ஜிபி குச்சிகள் நான்கு இருந்தன. நான்கு ஸ்லாட்டும் நிரம்பினால் வேகம் கூடும் என்பது பரவலான எண்ணம். ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதியளிக்கும் வேகம், இரண்டு குச்சிகளுக்கு 5200. நான்கு குச்சிகளுக்கு 3600 மட்டுமே. ரேம் சேனல்கள் (தரவுப் பாதைகள்) இரண்டுதான் இருப்பதால், இரண்டு குச்சிகளிலேயே அவை நிரம்பிவிடுகின்றன. இந்த எண்களைக் கண்டதும் பட்டியலை மாற்றினேன். தொகுப்பில் எக்ஸ்போ என்ற பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். அது ஏஎம்டி பலகைகளுக்கென்று குச்சியில் பதித்துவைத்த வேக அமைப்பு. குச்சியின் உயரம் 34 மி.மீ. இந்த எண் கூலரிடம் வரும்போது முக்கியமாகும்.

கேபினெட்டுக்குத்தான் மிகுதியான நேரம் செலவானது. முதலில் பிடித்திருந்த கேபினெட்டின் விவரத்தாளில், கிராபிக்ஸ் கார்டுக்கு 340 மி.மீ. வரை இடம் உண்டு என்று இருந்தது. என் கார்டு 320. எனவே 20 மி.மீ. மிச்சம் என்று தோன்றும். ஆனால் கையேட்டின் படத்தில், அந்த 340 முன்பக்க ஃபேன்கள் இல்லாதபோது உள்ள அளவு என்று குறித்திருந்தார்கள். வழக்கமான ஃபேனின் பருமன் 25 மி.மீ.; அதைக் கழித்தால் எஞ்சுவது 315. கார்டு 5 மி.மீ. இடிக்கும். முன்பக்கம் ஃபேன் இல்லாமல் 263 வாட் கார்டை மூடிய பெட்டிக்குள் வைப்பதை நான் ஒப்ப மாட்டேன். எனவே அந்தக் கேபினெட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ஃபேன் இல்லாமல் 365 மி.மீ. இடமுள்ள மற்றொன்றுக்கு மாறினேன். 365இல் 25 போக 340. கார்டு போக 20 மி.மீ. மீதி.

இதே கணக்கு திரவக் கூலர் ஆசையையும் தீர்த்துவைத்தது. ரேடியேட்டரின் பருமன் பெரும்பாலும் 27 மி.மீ.; ஃபேனோடு சேர்ந்து 52. 365இல் 52 போனால் 313, கார்டுக்குப் போதாது. மேற்புறத்தில் பொருத்தலாமா என்று பார்த்தபோது, அங்கே மதர்போர்டின் மேல் விளிம்பில் உள்ள வெப்பத்தகடுகளுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே போதிய இடைவெளி இல்லை. 88 வாட் பிராசஸருக்குத் திரவக் கூலர் எந்த வகையிலும் தேவையும் இல்லை.

கார்டின் அகலமும் பக்கக் கண்ணாடியை எட்டிவிடக் கூடாது. மின்செருகிகள் கார்டின் மேல் விளிம்பில், கண்ணாடியைப் பார்த்தபடி இருக்கின்றன. கேபிள் வளைவதற்கு 30 மி.மீ.யாவது விட வேண்டும், கூர்மையாக வளைத்து அழுத்தினால் செருகி தளரும். கேபினெட் விவரத்தாள்கள் இந்த இடைவெளியைத் தனியாகச் சொல்வதில்லை. கூலருக்கென்று கொடுத்துள்ள உயரத்திலிருந்து கார்டின் அகலத்தைக் கழித்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். என் கேபினெட்டில் கூலருக்கு 165 மி.மீ.; 129 போக 36. பருமன் 52 மி.மீ. என்பதற்கும் ஒரு விளைவு உண்டு. ஸ்லாட்டுக்கு ஸ்லாட் இடைவெளி 20.32 மி.மீ. என்பதால், இந்தக் கார்டு மூன்று ஸ்லாட்டுகளின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. சிறிய பலகையில் அதற்குக் கீழே வேறு கார்டு எதையும் நடைமுறையில் பொருத்த முடியாது.

பிராசஸரோடு இலவசமாக வரும் கூலர் 7600க்குப் போதுமானது. ஓசை மட்டும் கூடுதல். அமைதி வேண்டும் என்பதால் 155 மி.மீ. உயரமுள்ள, 120 மி.மீ. ஃபேன் கொண்ட டவர் கூலரை எடுத்தேன். அதன் முன்பக்க ஃபேன் ரேம் குச்சிகளின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும். குச்சி 34 மி.மீ. என்பதால் ஃபேன் தன் இடத்திலேயே உட்கார்ந்தது. விளக்கு அலங்காரம் உள்ள 44 மி.மீ. குச்சிகளை எடுத்திருந்தால், ஃபேனை 10 மி.மீ. உயர்த்திப் பொருத்த வேண்டியிருக்கும். 155உம் 10உம் சேர்ந்து 165, அதாவது கண்ணாடியோடு உரசும். ரேமின் அலங்காரம் கேபினெட்டின் அகலத்தைத் தீர்மானிக்கிறது என்பதை எந்தப் பொருத்தக் கருவியும் எனக்குச் சொல்லவில்லை. பழைய ஏஎம்4 கூலரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பலகையின் அசல் பின்தகட்டையே பயன்படுத்திக்கொள்ளும் கூலர்கள் ஏஎம்5இல் பொருந்தும், சொந்தப் பின்தகடு கேட்பவை பொருந்தா, ஏனெனில் ஏஎம்5 பலகையில் அந்தத் தகடு சாக்கெட்டோடு பிணைந்தது, கழற்றக் கூடாதது.

அடுத்தது எஸ்எம்பிஎஸ், அதாவது எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. பிராசஸர் 88, கார்டு 263, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்), ஃபேன்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60. கூட்டினால் 411 வாட். இதைப் பார்த்து 500 வாட் போதும் என்று முடிவெடுப்பவர்கள் உண்டு. ஆனால் இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் சில மில்லிவிநாடிகளுக்குத் தம் குறிப்பளவை வெகுவாகத் தாண்டி இழுக்கின்றன. அந்தத் துள்ளலைத் தாங்காத எஸ்எம்பிஎஸ், விளையாட்டின் நடுவே கம்ப்யூட்டரைச் சட்டென்று அணைத்துவிடும். இந்தக் கார்டுக்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 700 வாட். நான் எடுத்தது 750 வாட், 80 பிளஸ் கோல்டு. கோல்டு என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை மட்டும் சொல்லும். பாதுகாப்புச் சுற்றுகளின் தரத்தைச் சொல்லாது. அதற்கு விரிவான மதிப்புரைகளைத்தான் படிக்க வேண்டும். இந்த ஒரு பாகத்தில் மட்டும் விலையைப் பார்த்துச் சமரசம் செய்துகொள்ள வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்வேன், ஏனெனில் இது பழுதானால் தன்னோடு மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

8-பின் பிசிஐஇ செருகி ஒன்றின் வரம்பு 150 வாட். ஸ்லாட் வழியாக 75 வாட். இரண்டு செருகிகளும் ஸ்லாட்டும் சேர்ந்து 375 ஆகும், 263க்குத் தாராளம். ஆயினும் ஒரே கேபிளின் நுனியில் இரட்டையாகத் தொங்கும் செருகிகளைப் பயன்படுத்தாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனிக் கேபிள்களை இழுத்தேன். பிராசஸருக்கான 4+4 செருகியும் கார்டுக்கான 6+2 செருகியும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். துளைகளின் வடிவமும் மின்முனைகளின் வரிசையும் வேறு. பலகையில் 8-பின் அருகே கூடுதலாக ஒரு 4-பின் இருந்தது. 88 வாட்டுக்கு 8-பின் ஒன்றே போதும் என்பதால் அதைக் காலியாகவே விட்டேன். கழற்றி மாட்டக்கூடிய கேபிள் உள்ள எஸ்எம்பிஎஸ்ஸில், வேறொரு மாதிரியின் கேபிளை ஒருபோதும் செருகக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து நுனியில் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது; செருகி பொருந்தும், மின்முனை மாறும், பாகம் எரியும்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 1 டிபி, பிசிஐஇ 4.0 என்விஎம்இ, 2280 அளவு, அதாவது 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். பலகையில் நேரடியாகச் செருகும் இதே எம்.2 வடிவிலேயே, சாட்டா என்ற பழைய, வேகம் குறைந்த இணைப்பைப் பயன்படுத்தும் எஸ்எஸ்டிகளும் விற்கின்றன. பல புதிய பலகைகளின் எம்.2 ஸ்லாட்டுகள் அவற்றை ஏற்பதே இல்லை.

மேலும், சிறு செருகிகள். கேபினெட்டின் முன்பக்கத்தில் ஒரு டைப்-சி துளை இருக்கிறது. அதற்கான தலைப்பு (கேபிளைச் செருகும் இடம், ஹெடர்) என் மதர்போர்டில் இல்லை. விலை குறைந்த பி650 பலகைகள் பலவற்றில் அது விடுபட்டிருக்கும். அந்தக் கேபிளைச் சுருட்டிப் பின்புறம் கட்டிவைத்திருக்கிறேன். ஃபேன் தலைப்பு ஒன்று வழக்கமாக 1 ஆம்பியர் வரை கொடுக்கும். என் முன்பக்க ஃபேன்கள் ஒவ்வொன்றும் 0.2 ஆம்பியர் என்பதால், மூன்றையும் பிரிப்பான் வழியாக ஒரே தலைப்பில் இணைத்தேன். விளக்குகளில் 3-பின் வகை 5 வோல்ட், 4-பின் வகை 12 வோல்ட். ஐந்து வோல்ட் விளக்கைப் பன்னிரண்டில் செருகினால் அது அப்போதே போய்விடும்.

கருவிகள் அதிகம் தேவைப்படவில்லை: காந்த நுனியுள்ள 2ஆம் எண் நட்சத்திரத் திருப்புளி, எம்.2 திருகுக்கு 1ஆம் எண் திருப்புளி, அளவு நாடா, கைவிளக்கு, கேபிள் கட்டும் பட்டைகள். பிராசஸர், ரேம், எஸ்எஸ்டி, கூலர் நான்கையும் வெளியிலேயே, பலகை வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்துப் பொருத்தினேன். ஏஎம்5இல் பின்கள் சாக்கெட்டில் இருப்பதால், பிராசஸரை அழுத்தாமல் முக்கோணக் குறி பார்த்து வைத்து, பிறகே நெம்புகோலை இறக்க வேண்டும். ரேம் குச்சிகள், பிராசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில். எஸ்எஸ்டியின் மேல்தகட்டில் உள்ள வெப்பப் பட்டையின் பிளாஸ்டிக் உறையை உரித்தேன். அது கண்ணில் படாத அளவு மெல்லியது. பலகையைக் கேபினெட்டுக்குள் இறக்குவதற்கு முன், 244×244 மி.மீ. பலகைக்குத் தேவையில்லாத இடத்தில் நின்ற தாங்கித் திருகுகளைக் கழற்றினேன். அப்படியே விட்டால் பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படக்கூடும்.

மின்சாரம் கொடுத்தவுடன் செய்த முதல் வேலை பயாஸ் புதுப்பிப்பு. கோப்பைத் தயாரிப்பாளர் சொன்ன பெயருக்கு மாற்றி, ஃபாட்32 வடிவிலான பென்டிரைவில் போட்டு, அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி துளையில் செருகி, 24-பின், 8-பின் இரண்டும் இணைந்த நிலையில் பொத்தானை அழுத்திப் பிடித்தால், விளக்கு சில நிமிடங்கள் சிமிட்டி அணைகிறது. இதை எக்ஸ்போவை இயக்குவதற்கு முன்பே செய்ததற்குக் காரணம் இருக்கிறது. 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகியபோது, ரேம் வேகத்தோடு சேர்ந்து உயர்ந்த எஸ்ஓசி மின்னழுத்தம் (பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குச் செல்வது) காரணமாகச் சொல்லப்பட்டு, அதை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும் பயாஸ் திருத்தம் வெளியானது. அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ளே இருப்பதை உறுதிசெய்துகொள்வது நல்லது.

முதல்முறை இயக்கியபோது திரை கறுப்பாகவே இருந்தது, பலகையின் ரேம் விளக்கு எரிந்தபடி நின்றது. இது பழுதன்று. டிடிஆர்5 ரேமை முதன்முதலில் பழக்கிக்கொள்ளப் பலகை சில நிமிடங்கள் எடுக்கும். அந்நேரத்தில் அணைத்து அணைத்துப் போடுவதுதான் தொல்லையைக் கூட்டும். காத்திருந்ததும் பயாஸ் திரை வந்தது. அதில் ரேம் 4800இல் ஓடுவதாகக் காட்டியது. எக்ஸ்போவை இயக்கி 6000க்குக் கொண்டுவந்த பின் மீண்டும் ஒருமுறை நீண்ட கறுப்புத் திரை, பிறகு சரியானது. மெம்டெஸ்ட்86 சோதனையை முழுச் சுற்று ஓட்டிப் பிழையில்லை என்று கண்ட பிறகே விண்டோஸை நிறுவினேன். 6000 என்பது ஏஎம்டி உறுதியளிக்கும் 5200ஐத் தாண்டிய வேகம் என்பதால், இந்தச் சோதனையைத் தவிர்க்கக் கூடாது.

கிராபிக்ஸ் கார்டை இதற்குப் பிறகுதான் பொருத்தினேன். உள்ளே அமர்ந்ததும் அளவு நாடாவை வைத்துப் பார்த்தேன். கார்டின் நுனிக்கும் முன்பக்க ஃபேனுக்கும் இடையே 2 செ.மீ. சற்றே குறைய. திரையின் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருகி, எச்டிஎம்ஐ 2.0 வழியாக இந்தத் திரை 144 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது என்பதால் டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாறினேன். விண்டோஸ் தானாக 60 ஹெர்ட்ஸில் நின்றது. காட்சி அமைப்புக்குள் போய் 165ஐத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. விளையாடும்போது பிராசஸர் 65 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதன் வரம்பு 95. சுவர்ச் செருகியில் மாட்டிய வாட் மீட்டர் 400ஐச் சுற்றியே காட்டுகிறது. காகிதத்தில் கூட்டிய 411 அநேகமாகச் சரியாக வந்தது எனக்கு நிறைவாக இருந்தது.

செலவை நூறு பங்காக்கினால் கார்டுக்கு 40, பிராசஸருக்கு 16, மதர்போர்டுக்கு 11, ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஏறத்தாழ எட்டெட்டு, எஸ்எஸ்டியும் கேபினெட்டும் சேர்ந்து 14, மிச்சம் கூலருக்கு. விளையாட்டுக்கான கம்ப்யூட்டரில் கார்டின் பங்கு இதைவிடக் குறைந்தால், பணம் வேறெங்கோ தேவையில்லாமல் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்த முறை கார்டின் மூன்று அளவுகளைக் குறித்துக்கொண்ட பிறகே கேபினெட்டைப் பார்க்கத் தொடங்குவேன். அழகைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதற்குக் கார்டு தேடுவதில் நேரம் வீணாகிறது. மதர்போர்டின் கையேட்டை வாங்கும் முன்பே இறக்கி, தலைப்புகளின் பட்டியலைக் கேபினெட்டின் கேபிள்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுவேன். எஸ்எஸ்டி 1 டிபி இன்றைய விளையாட்டுகளுக்குச் சிறிது. சில விளையாட்டுகள் ஒன்றே 100 ஜிபியைத் தாண்டுகின்றன, 2 டிபி எடுத்திருக்கலாம். ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பின்னும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருப்பதால், பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 7800எக்ஸ்3டியைப் போட்டால் உச்ச அளவு 162 வாட். மொத்தம் 485, இந்த எஸ்எம்பிஎஸ்ஸே தாங்கும். கார்டை மாற்றுவதுதான் யோசிக்க வேண்டியது: புதிய கார்டு 340 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 16-பின் செருகி கேட்கும் கார்டானால் இந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அதற்கான கேபிள் இல்லை, கார்டோடு வரும் மாற்றியைப் போட்டால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள 36 மி.மீ. போதுமா என்று திரும்பவும் அளந்து பார்க்க வேண்டும்.